யூடியூப்பைத் தவிர வேறு எங்கே ஏற்றலாம்?

கேள்வி இது. செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்துக் குழு ஒன்றின் ஆட்டங்களை நண்பர்கள் சிலர் விடிய விடியப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏழு, எட்டு மணி நேரம். அவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும். கூத்து தெரிந்தவர்கள் வந்து பேச வேண்டும், பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் வீடியோ இருக்க வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது. யூடியூப்பைத் தவிர வேறு தளங்களும் இருக்கின்றனவே, அவற்றில் எது பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றும் தளம் ஒன்றுகூட இல்லை. ஆள் வருவது ஓரிடம், பேச்சு நடப்பது ஓரிடம், பதிவு பத்திரமாக இருப்பது ஓரிடம். யூடியூப்பில் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் பேச்சுக்கும் பாதுகாப்புக்கும் அதை நம்ப வேண்டாம். இதைச் சொல்வதற்கான காரணம், ஒவ்வொரு தளமும் பார்க்க வருகிறவரை எங்கே உட்கார வைக்கிறது என்பதில் இருக்கிறது.

யூடியூப் 2005 பிப்ரவரியில், முன்பு பேபாலில் வேலை பார்த்த மூன்று பேர் தொடங்கியது. 2006 அக்டோபரில் 165 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்துக் கூகுள் அதை வாங்கியது. அந்தக் காலத்து யூடியூப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு வசதி நினைவிருக்கும். ஒரு வீடியோவுக்கு இன்னொரு வீடியோவாலேயே பதில் சொல்லலாம். அந்தப் பதில் மூல வீடியோவுக்கு அடியில் வந்து நிற்கும். ஒருவர் கிதார் வாசித்தால் அதற்குக் கீழே நாலு பேர் வேறு விதமாக வாசித்துக் காட்டுவார்கள். 2013இல் அதை நீக்கினார்கள். பதில் வீடியோ கண்ணில் பட்ட பத்து லட்சம் பேரில் நான்கு பேர்தான் அதை அழுத்துகிறார்கள் என்று கணக்குக் காட்டினார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. வீடியோவின் மேலேயே ஒட்டிவைக்க முடிந்த குறிப்புப் பெட்டிகள் 2019 ஜனவரியில் மறைந்தன. பயனர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட தனிச்செய்திகள் அதே ஆண்டு செப்டம்பரில் போயின. பார்வையாளர்களே சப்டைட்டில் எழுதிக் கொடுக்கும் வசதி 2020 செப்டம்பரில் நின்றது. காது கேளாதோர் எதிர்த்தும் பயனில்லை. 2021 நவம்பரில் பிடிக்கவில்லை என்ற எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொன்னார்கள்: குப்பைச் செய்தி வருகிறது, கும்பலாகத் தாக்குகிறார்கள், அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே நியாயமாகத்தான் தோன்றும். சேர்த்துப் பார்த்தால், பார்க்க வந்தவர் கையிலிருந்த கருவிகள் எல்லாம் போய், கருத்துப் பெட்டி ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

என் கணக்கில் திருப்பம் 2012. அதுவரை எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதை வைத்து வீடியோக்களைப் பரிந்துரைத்தவர்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை அளவாக எடுத்துக்கொண்டார்கள். நேரம் அளவுகோலாகிவிட்டால், இரண்டு பார்வையாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அந்தக் கணக்கில் வராது. தொலைக்காட்சி மாதிரி அடுத்தடுத்து ஓடிக்கொண்டிருந்தால் போதும்.

உங்களுக்கு இது நேரடியாகத் தொடும் ஓர் இடம் சப்டைட்டில். பின்பாட்டோடு கலந்து வரும் விருத்தம் என்ற பாட்டு வகையை வட மாவட்டத்தாருக்கு வெளியே இருக்கும் தமிழர்களே முழுக்கப் பிடிப்பது கடினம். முன்பானால் மலேசியாவில் இருக்கும் ஒரு ரசிகர் தானாகவே உட்கார்ந்து ஆங்கில வரிகளை எழுதிச் சேர்த்திருக்கலாம். இப்போது அவர் எழுதி உங்களுக்கு அனுப்ப வேண்டும், நீங்கள் ஏற்ற வேண்டும்; அல்லது சேனல் அனுமதிகளில் அவருக்குச் சப்டைட்டில் திருத்தும் உரிமையை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டும். செய்ய முடியாதது அல்ல. ஆனால் முன்பின் தெரியாதவர் தானாக வந்து கைகொடுக்கிற வழி அடைபட்டுவிட்டது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் அங்கேயே ஏற்றச் சொல்கிறேன் என்றால், ஆள் அங்கேதான் இருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2018இல் தொடங்கி 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் சேனல் அது. வேறு எந்தத் தளத்தில் இருந்தாலும் அவ்வளவு பேர் தாமாக வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். கூத்துக்கு ஒரு கோடிப் பேர் வரப்போவதில்லை, தெரியும். ஆனால் "கர்ண மோட்சம்" என்று தேடுகிற ஒருவர் முதலில் தேடப்போவது யூடியூப்பில்தான்.

நீளமும் அங்கே பிரச்சினை இல்லை. தொலைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்கை உறுதி செய்யாதவர்களுக்குப் பதினைந்து நிமிடம்தான் எல்லை. உறுதி செய்துவிட்டால் 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி வரை ஒரே வீடியோவாக ஏற்றலாம். விளக்க உரையில் 0:00இலிருந்து தொடங்கி நேரத்தையும் தலைப்பையும் வரிவரியாக எழுதினால் அது அத்தியாயங்களாகப் பிரிந்துகொள்ளும். குறைந்தது மூன்று வரி வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது. களரி கட்டுவது (தொடக்க மேளம்), கட்டியங்காரன் (கூத்தின் கோமாளி) வருகை, ஒவ்வொரு வேடத்தின் திரை விலகல், மோட்சம் என்று பிரித்துவிட்டால், எட்டு மணி நேரத்தைக் கண்டு மிரண்டு ஓடுகிறவர்கள்கூடத் தங்களுக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஏற்றும்போது, இது குழந்தைகளுக்காக எடுத்ததா என்று ஒரு கேள்வி வரும். புராணக் கதைதானே, குழந்தைகளும் பார்க்கலாமே என்ற நல்லெண்ணத்தில் ஆம் என்று அழுத்திவிடாதீர்கள். அமெரிக்காவில் குழந்தைகளின் தகவலைச் சேகரித்த வழக்கில் 2019இல் 17 கோடி டாலர் கட்டிய பிறகு, அப்படிக் குறிக்கப்பட்ட வீடியோக்களில் கருத்துப் பெட்டியையே யூடியூப் மூடிவிடுகிறது. நீங்கள் தேடும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, கட்டியங்காரன். நள்ளிரவுக்கு மேல் தூங்கி விழும் கூட்டத்தை எழுப்ப அவர் இரண்டு வரி சினிமாப் பாட்டை எடுத்துவிடுவார், ஆர்மோனியமும் கூடவே போகும். அது யூடியூப்பின் உரிமை கண்டறியும் பொறியில் சிக்கலாம். 2007இலிருந்து இருக்கும் இந்தப் பொறி ஒலிப்பதிவை மட்டுமல்ல, மெட்டையும் அடையாளம் காண்கிறது. சிக்கினால் என்ன ஆகும் என்பதைப் பாட்டின் உரிமையாளர் முன்கூட்டியே தேர்ந்து வைத்திருப்பார். சிலர் கணக்கு மட்டும் பார்ப்பார்கள், சிலர் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வார்கள், சிலர் வீடியோவையே தடுத்துவிடுவார்கள். இந்த உரிமைகோரல் வேறு, சேனலுக்கே ஆபத்தான பதிப்புரிமை எச்சரிக்கை வேறு. 90 நாள் எல்லைக்குள் அந்த எச்சரிக்கை மூன்று சேர்ந்தால்தான் சேனல் மூடப்படும். உரிமைகோரல் வந்தால் பதறாமல் மறுப்புத் தெரிவிக்கலாம்; எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். அல்லது அந்தச் சில நொடிகளின் ஒலியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றலாம். எட்டு மணி நேரக் கூத்து அரை நிமிடப் பாட்டுக்காக முடங்க வேண்டியதில்லை.

இனி பேச்சு. வீடியோவைச் சுற்றி மனிதர்கள் உண்மையிலேயே கூடிய இடம் எது என்று கேட்டால் நான் ஜப்பானைக் காட்டுவேன். 2006 டிசம்பரில் தொடங்கிய நிகோநிகோவில் கருத்துகள் வீடியோவுக்குக் கீழே இருப்பதில்லை. படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடுகின்றன. ஒவ்வொரு கருத்தும் வீடியோவின் எந்த நொடியில் எழுதப்பட்டதோ அந்த நொடியோடு சேர்த்துச் சேமிக்கப்படுகிறது. மூன்று வருடம் முன்பு ஒருவர் சிரித்த இடத்தில் இன்று பார்க்கிறவரும் அந்தச் சிரிப்பைக் காண்கிறார், தன் சிரிப்பையும் சேர்க்கிறார். எழுதிய நேரம் வேறு வேறாக இருந்தாலும் எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பார்ப்பது போன்ற மயக்கம் வந்துவிடுகிறது. புகழ்பெற்ற வீடியோக்களில் சில இடங்களில் எழுத்து மறைத்துப் படமே தெரியாது. பார்ப்பவர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை. படத்தை மட்டும் பார்க்க விரும்புகிறவர் கருத்துகளை அணைத்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் அவர்களிடம் சொந்தமாக வீடியோவே கிடையாது. யூடியூப்பிலிருந்த வீடியோக்களின் மேல் இந்தக் கருத்துகளை ஓடவிட்டார்கள். 2007 பிப்ரவரியில் யூடியூப் கதவைச் சாத்தியது. அதன் பிறகுதான் உறுப்பினர்கள் மட்டும் நுழையும் தளமாகத் தங்கள் சொந்தக் கிடங்கோடு திரும்பி வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹட்சுனே மிக்கு என்ற குரல் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. ஒருவர் அதை வைத்துப் பாட்டு செய்வார். அதைக் கேட்ட இன்னொருவர் படம் வரைவார். மூன்றாமவர் அசைவு சேர்ப்பார். நான்காமவர் தன் குரலில் பாடிப் பார்ப்பார். இன்று ஜப்பானிய இசையில் பெரிய பெயர்களாக இருக்கும் சிலர் அங்கே முகம் தெரியாமல் பாட்டு ஏற்றியவர்கள்தான்.

ஓடும் கருத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர்களின் குறிச்சொல் முறை. யூடியூப்பில் குறிச்சொல்லை ஏற்றியவர்தான் எழுதுகிறார், பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதுகூட இல்லை. நிகோநிகோவில் ஒரு வீடியோவுக்குப் பத்துச் சொச்சம் குறிச்சொற்களுக்கே இடம். அவற்றைப் பார்வையாளர்களே போடலாம், அழிக்கலாம், மாற்றலாம். ஏற்றியவர் விரும்பினால் சிலவற்றைப் பூட்டி வைத்துக்கொள்வார். இடம் குறைவாக இருப்பதால் எந்தச் சொல் நிற்க வேண்டும் என்று சண்டை நடக்கும், கேலி நடக்கும், கடைசியில் துல்லியமான ஒரு சொல் நிலைத்துவிடும். உங்கள் கூத்து வீடியோவில் ஒரு கூத்து வாத்தியார் வந்து, "இது மோகன ராகம், நடுவில் வேறு பாணி கலக்கிறது" என்று குறித்துவிட்டுப் போக ஒரு வழி இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வழி யூடியூப்பில் இல்லை.

சீனாவின் பிலிபிலி 2009இல் இதே ஓடும் கருத்தை எடுத்துக்கொண்டு தொடங்கியது. அவர்கள் சேர்த்த புதுமை நுழைவுத் தேர்வு. முழு உறுப்பினர் ஆக வேண்டுமானால் நூறு கேள்விகளுக்குப் பதில் எழுதி அறுபது வாங்க வேண்டும். கருத்து எழுதும் நாகரிகம் பற்றிய கேள்விகள் ஒரு பகுதி, அனிமே, விளையாட்டு, அறிவியல் என்று விருப்பத்துக்கேற்ற கேள்விகள் மறுபகுதி. வந்த வேகத்தில் வசைபாடிவிட்டுப் போகிறவன் நூறு கேள்வி எழுத மாட்டான். இன்னொன்று நாணயம். தினமும் உள்ளே வந்தால் ஒரு நாணயம் கிடைக்கும். பிடித்த வீடியோவுக்கு அதிலிருந்து ஒன்றோ இரண்டோ போடலாம். காசு கொடுத்து வாங்க முடியாத, தீர்ந்துபோகக்கூடிய பாராட்டு அது. கட்டை விரலை எத்தனை வீடியோவுக்கு வேண்டுமானாலும் காட்டலாம் என்பதால் யூடியூப்பில் அதற்கு எடை இல்லை. இங்கே யோசித்துத்தான் போடுவார்கள். 2018இல் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போன பிறகு பிலிபிலியும் எல்லோருக்குமான பெருந்தளமாக மாறிவிட்டது, பழைய நெருக்கம் குறைந்துவிட்டது என்ற முணுமுணுப்பு அங்கேயும் உண்டு.

இந்த இரண்டிலும் நீங்கள் ஏற்றப்போவதில்லை. மொழி வேறு, ஆட்கள் வேறு. ஆனாலும் இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம், தானாகக் கூட்டம் கூடிவிடாது என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று இல்லை. யார் நுழையலாம், எங்கே எழுதலாம், எதைத் திருத்தலாம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

விமியோ எனக்கு ஒரு காலத்தில் மிகவும் பிடித்த தளம். யூடியூப்புக்குச் சில மாதம் முன்பே, 2004 நவம்பரில் வந்தது. விளம்பரம் கிடையாது. 2007இலேயே உயர்தெளிவுப் படத்தை ஏற்றுக்கொண்டது. அங்கே வேலை பார்ப்பவர்கள் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு. குறும்பட இயக்குநர்கள் அதில் இடம்பெறுவதை விருது போல் தங்கள் அறிமுகத்தில் போட்டுக்கொள்வார்கள். வீடியோவுக்குக் கடவுச்சொல் வைக்கலாம். எல்லாவற்றையும்விட, முகவரியும் கருத்துகளும் அப்படியே இருக்க, கோப்பை மட்டும் மாற்றலாம். ஒலி அரை நொடி பிந்துகிறது என்று ஏற்றிய பிறகு தெரிந்தால் யூடியூப்பில் நீக்கிவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும். பகிர்ந்த இணைப்புகள் அத்தனையும் செத்துவிடும். விமியோவில் புதுக் கோப்பை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் அதற்குப் பணம் கட்ட வேண்டும், இலவசக் கணக்கில் உங்கள் ஒரு கூத்துகூட ஏறாது. அதோடு, எவ்வளவு கட்ட வேண்டும் என்பது உங்கள் கையில் இல்லை. ரசிகர்களிடம் மாதச் சந்தா வாங்கி அவர்களுக்கு மட்டும் வீடியோ காட்டிய சிறு படைப்பாளிகள் பலர் 2022இல் திடீரென்று ஆயிரக்கணக்கில் டாலர் கட்டச் சொல்லிக் கடிதம் வந்து திகைத்தார்கள். அவர்களின் வீடியோக்கள் அளவுக்கு மிஞ்சிப் பார்க்கப்படுகின்றன என்பது குற்றம். எதிர்ப்பு வந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விதிகளைத் தளர்த்தியது. அதன் கவனம் ஏற்கனவே அலுவலகங்களுக்கு வீடியோ மென்பொருள் விற்பதற்குத் திரும்பியிருந்தது. 2025இல் பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலிய நிறுவனம் 138 கோடி டாலருக்கு அதை வாங்க ஒப்பந்தம் செய்தது. படைப்பாளிகளின் கிராமமாக இருந்த இடம் என்று பழையவர்கள் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

டெய்லிமோஷனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2005இல் பாரிஸில் பிறந்தது. 2013இல் யாகூ பெரும்பங்கை வாங்க வந்தபோது பிரெஞ்சு அரசே குறுக்கே நின்று தடுத்தது; இரண்டு ஆண்டு கழித்து விவெண்டி வாங்கியது. இன்று செய்தி நிறுவனங்கள் தங்கள் துணுக்குகளை வைக்கும் இடம். தமிழ் நாடகத் தொடர்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். நெபுலா என்ற தளத்தில் அழைப்பு இல்லாமல் ஏற்ற முடியாது. ஒடிசி (Odysee) என்ற வீடியோத் தளத்தைத் தாங்கிய எல்பிஆர்ஒய் (LBRY) நிறுவனத்தை அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2021இல் நீதிமன்றத்துக்கு இழுத்தது. தோற்று, நிறுவனம் மூடப்பட்டது, தளம் மட்டும் தொடர்கிறது. ரம்பிள் அமெரிக்க அரசியல் வாக்குவாதத்தின் களம். இவற்றில் கூத்தைக் கொண்டுபோய் வைத்தால் ஈ ஓட்டுவதற்குக்கூட ஆள் இருக்காது.

டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடை செய்தது. அந்த இரவோடு எத்தனையோ கிராமத்துக் கலைஞர்களின் முழுத் தொகுப்பும் அவர்கள் ஊரிலேயே பார்க்க முடியாததாகிவிட்டது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அது தொடர்ந்து இயங்குகிறது. சில வாரங்களுக்குள் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப்பின் ஷார்ட்ஸும் அந்த இடத்துக்கு வந்தன. ஷார்ட்ஸை முதன்முதலில் சோதித்துப் பார்த்த நாடே இந்தியாதான். கட்டியங்காரனின் நாற்பது நொடி நையாண்டியை வெட்டி இவற்றில் போடுங்கள், பரவும். ஆனால் அது அழைப்பிதழ் மட்டும். அங்கே வரும் கருத்துகளில் கூத்தைப் பற்றி ஒன்றும் தேறாது.

நேரலை செய்யும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. திருவிழாக் கூத்தை ஃபேஸ்புக்கில் நேரலையாக விட்டுவிட்டு அதையே ஆவணமாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் அதிகம். 2025 பிப்ரவரி 19 முதல் ஃபேஸ்புக் நேரலைகள் 30 நாள்தான் இருக்கும், பிறகு அழிக்கப்படும். அதற்கு முந்தைய பழைய நேரலைகளையும் இறக்கி வைத்துக்கொள்ள அவகாசம் கொடுத்து அழிக்கத் தொடங்கினார்கள். விளையாட்டு நேரலைகளுக்குப் பேர்போன டுவிட்ச்சும் சாதாரணக் கணக்குகளின் பதிவைச் சில நாட்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. உங்கள் நண்பர் குழுக்களில் யாராவது இப்படி நேரலை விட்டிருந்தால் இன்றே இறக்கச் சொல்லுங்கள்.

அழிவைப் பற்றிப் பேச்சு வந்ததால் பத்து வருட நிபந்தனைக்கு வருகிறேன். கூகுள் யூடியூப்பை வாங்குவதற்கு முன்பே கூகுள் வீடியோ என்று சொந்தத் தளம் வைத்திருந்தது. 2009இல் புதிதாக ஏற்றுவதை நிறுத்தியது, 2012இல் முழுக்க மூடியது. அங்கே காசு கொடுத்து வீடியோ வாங்கியவர்கள்கூட 2007இலேயே அவற்றைப் பார்க்க முடியாமல் போனது. இணையத் தொடர்களுக்குப் பெயர் பெற்ற பிலிப் டிவி 2005இல் வந்து 2015இல் மறைந்தது. ஆறு நொடி வீடியோக்களுக்கான வைன் (Vine) தளம் நான்கு ஆண்டுகூடத் தாங்கவில்லை. பத்து வருடம் என்பது வீடியோத் தளத்துக்கு நீண்ட ஆயுள். யூடியூப் இருபதைத் தாண்டிவிட்டது என்பது உண்மை. உங்கள் சேனல் அதில் இருபது வருடம் இருக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை.

அப்படியானால் சொந்தத் தளம்? அதற்குத்தான் பியர்டியூப் இருக்கிறது. இது ஒரு தளமே அல்ல, மென்பொருள். ஃபிரமாசாஃப்ட் என்ற பிரெஞ்சு லாபநோக்கற்ற அமைப்பு வளர்த்து 2018இல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஒரு சர்வர் இன்னொன்றைப் பின்தொடரும்; ஒன்றில் இருப்பவர் மற்றொன்றின் வீடியோவைப் பார்க்கலாம், கருத்து எழுதலாம். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் கணக்கு வைத்திருப்பவர் அங்கிருந்தே பதில் எழுதினால் அது உங்கள் வீடியோவுக்கு அடியில் வந்து சேரும். ஒரே நேரத்தில் பலர் பார்த்தால் அவர்களின் பிரௌசர்கள் துண்டுகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும், உங்கள் சர்வரின் சுமை குறையும்.

இதை வீம்புக்காக மட்டும் யாரும் பயன்படுத்துவதில்லை. முப்பரிமாணப் படம் செய்யும் இலவச மென்பொருளான பிளெண்டரின் அறக்கட்டளை, யூடியூப் சேனலில் விளம்பரமே போடாமல் நடத்திவந்தது. 2018 ஜூனில் அதன் வீடியோக்கள் உலகம் முழுக்கத் திடீரென்று தடைபட்டன. விளம்பரத்தோடு தொடர்புடைய ஓர் ஒப்பந்தத்தை ஏற்கச் சொல்லி யூடியூப்பிடமிருந்து பதில் வந்தது. அவர்கள் அந்த வாரமே பியர்டியூப்பைச் சோதிக்கத் தொடங்கினார்கள். தங்கள் சொந்தப் பியர்டியூப்பை இன்றும் நடத்துகிறார்கள். யூடியூப் சேனலும் திரும்பி வந்தது, இரண்டும் ஓடுகின்றன.

உங்களுக்கு அது கட்டுமா? எட்டு மணி நேரத்தை நொடிக்கு 4 மெகாபிட் என்ற சுமாரான தரத்தில் வைத்தால் ஒரு கூத்துக்கு 14 ஜிபிக்குச் சற்று மேல் ஆகும். குறைந்த வேகக்காரர்களுக்காகச் சிறிய பிரதிகளையும் சேர்த்தால் இருபதைத் தாண்டும். முப்பது கூத்து என்றால் 600 ஜிபி. இடத்தைவிடப் பெரிய தலைவலி, அந்தப் பிரதிகளைத் தயாரிக்கச் சர்வர் பல மணி நேரம் திணறுவது. அதைவிடப் பெரியது, நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். குழுவில் அப்படி ஒருவர் விருப்பத்தோடு இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் இரண்டாம் வருடம் கட்டணம் கட்ட மறந்து எல்லாம் போகும். தொண்டு நிறுவனங்கள் நடத்திய நல்ல தளங்கள் பல இப்படித்தான் போயின.

பாதுகாப்புக்கு என் பரிந்துரை இன்டர்நெட் ஆர்கைவ். 1996இல் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு. கணக்குத் தொடங்க, ஏற்ற, பார்க்க எதற்கும் காசு இல்லை. யூடியூப்பில் ஏற்றியதும் அவர்கள் அதைச் சுருக்கிவிடுவார்கள், நீங்கள் கொடுத்த அதே கோப்பு பார்க்கிறவருக்குக் கிடைக்காது. ஆர்கைவில் நீங்கள் ஏற்றிய மூலக் கோப்பையே யாரும் இறக்கிக்கொள்ளலாம். பேச்சுக்கு அது உதவாது. நட்சத்திரம் போட்டு ஒரு விமர்சனம் எழுதலாம், அதோடு சரி. வீடியோ ஓடுவதும் சில சமயம் நத்தை வேகம்தான். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கியது. அதனால் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், இன்னொரு நண்பர் வீட்டில் அதன் பிரதி, இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு காகித வேலை இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆவது பிரிவுப்படி நிகழ்த்துகிறவருக்குத் தன் நிகழ்ச்சியின் மேல் தனி உரிமை உண்டு. 50 ஆண்டுகள் அது இருக்கும். ஊரில் எல்லோரும் செல்பேசியில் எடுக்கிறார்கள் என்பதால் அந்த உரிமை இல்லாமல் போகாது. வாத்தியாரிடம் மட்டும் கேட்டால் போதாது. வேடம் கட்டியவர்கள், முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம் வாசித்தவர்கள் எல்லோரிடமும் எங்கே ஏற்றப்போகிறோம், வருமானம் வந்தால் எப்படிப் பங்கு என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விக்கிப்பீடியாவுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். யார் வேண்டுமானாலும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில்தான் அங்கே ஏற்ற முடியும். அதன் பொருளைக் கலைஞர்களுக்குப் புரியும்படி சொல்லாமல் ஏற்றுவது சரியில்லை.

கடைசியாக, கூத்து தெரிந்தவர்கள் வந்து பேச வேண்டும் என்ற ஆசை. உங்கள் யூடியூப் கருத்துப் பெட்டியில் "அருமை", "சூப்பர்", கைகூப்பும் படங்கள் ஆகியவைதான் பெரும்பாலும் வரும். விஷயம் தெரிந்த பழைய வாத்தியார்கள் அங்கே எழுதுவதில்லை. அவர்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், தட்டச்சு செய்யாமல் குரலில் பேசி அனுப்புகிறார்கள். அவர்களுக்கு எட்டு மணி நேர வீடியோவை அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். யூடியூப்பில் பகிரும்போது குறிப்பிட்ட நேரத்திலிருந்து தொடங்கும்படி இணைப்பு எடுக்கலாம். துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து பாடும் இடத்துக்கு அப்படி ஓர் இணைப்பை எடுத்து, "ஐயா, இந்த விருத்தத்தை உங்கள் செட்டில் எப்படிப் பாடுவீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்; சில சமயம் பாடியே காட்டுவார்கள்.

அந்தப் பதிலை அவர் சம்மதத்தோடு எழுத்தாக்கி, பெயரும் ஊரும் போட்டு, யூடியூப்பில் அந்த நேரக் குறிப்போடு கருத்தாக எழுதி மேலே பொருத்தி வையுங்கள். நேரத்தை எண்ணில் எழுதினால் அழுத்தியதும் வீடியோ அங்கே போய் நிற்கும். மேலே பொருத்த ஒரு கருத்துக்குத்தான் இடம் என்பதால், புதுப் பதில் வரும்போதெல்லாம் அதே கருத்தைத் திருத்தி நீட்டுங்கள். மாதம் ஒருமுறை அதை ஒரு சாதாரண உரைக்கோப்பில் நகலெடுத்து, இன்டர்நெட் ஆர்கைவில் அந்தக் கூத்தின் வீடியோ இருக்கும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். ஒரே பக்கத்துக்குள் பல கோப்புகளை அங்கே வைக்கலாம். குரல் பதிவுகளும் அதில் அடங்கும்.